பொட்டு இல்லாத வீடு: இறந்த பூனையின் நினைவை எப்படிக் காப்பது?

மழைத்தூறல் (இழையைத் தொடங்கியவர்)

எங்கள் மூன்று நிறப் பூனை பொட்டு சென்ற மாதம் இறந்துபோனாள். வயது பதினைந்தைத் தாண்டியிருந்தது. சிறுநீரகங்கள் செயலிழந்துவிட்டன, கடைசி வாரத்தில் தண்ணீர்க் கிண்ணத்தின் முன்னால் குனிந்தபடியே உட்கார்ந்திருப்பாள், ஆனால் குடிக்க மாட்டாள். மருத்துவர் வீட்டுக்கே வந்து ஊசி போட்டு அவளுடைய வேதனையை முடித்துவைத்தார். அந்த முடிவைப் பற்றி எங்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. அதற்குப் பிறகு என்ன செய்வது என்பதில்தான் மூன்று பேரும் மூன்று திசையில் நிற்கிறோம்.

அவளுடைய கிண்ணம், படுக்கை, சீப்பு எல்லாவற்றையும் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிட வேண்டும் என்கிறார் என் கணவர். மகளோ ஒரு பொருளைக்கூட நகர்த்த விடமாட்டேன் என்கிறாள்; படுக்கையில் ஒட்டியிருக்கும் முடியைத் தட்டக்கூட யாருக்கும் அனுமதி இல்லை. எனக்கு வேறொரு கவலை. கைப்பேசியில் எண்ணிலடங்காத படங்கள் இருக்கின்றன, ஆனால் பெரும்பாலானவற்றில் அவள் தூங்குகிறாள் அல்லது கேமராவைப் பார்க்கிறாள். அறைக்குள் எப்படி நுழைவாள், மடியில் ஏறுவதற்கு முன் என்ன செய்வாள் என்பவை இப்போதே என் மனத்தில் மங்கத் தொடங்கிவிட்டன. நோயை ஏன் முன்பே கண்டுபிடிக்கவில்லை என்று மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அதற்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் இருக்கும் மற்றொரு பூனையான கரியன் அவளுடைய படுக்கையை மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறான், தீவனத்தையும் சரியாகத் தொடுவதில்லை.

ஆறுதல் சொல்ல வேண்டாம், அதைச் சொல்ல நெருங்கியவர்கள் இருக்கிறார்கள். இந்த நிலையைக் கடந்தவர்கள் தங்கள் பூனையின் நினைவை எந்த வழியில் காத்துவைத்தீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

ஏட்டுச்சுவடி

எழுதி வையுங்கள். வேறு எதைச் செய்தாலும் செய்யாவிட்டாலும் இதை இந்த வாரமே தொடங்கிவிடுங்கள்.

படம் முகத்தைக் காப்பாற்றும், பழக்கத்தைக் காப்பாற்றாது. ஒரு பூனையை மற்றொரு பூனையிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் பழக்கங்கள்தான். அவை அன்றாடம் நிகழ்ந்தவை என்பதாலேயே நாம் யாரும் அவற்றைக் கவனித்து மனத்தில் பதிய வைப்பதில்லை, அதனால் அவைதான் முதலில் கரைந்துபோகின்றன. எங்கள் பூனை இறந்தபோது, அதன் குணங்களை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். “அன்பானது, குறும்பானது, பிடிவாதமானது” என்று எழுதியதைப் படித்துப் பார்த்தால் அது உலகத்தில் உள்ள எந்தப் பூனைக்கும் பொருந்தியது. பிறகு முறையை மாற்றினேன். காலையில் கண் விழிப்பது முதல் இரவு விளக்கணைப்பது வரை அதன் ஒரு நாளை எழுதினேன். அடுத்து வீட்டின் ஒவ்வொரு அறையாக நடந்து, இந்த இடத்தில் அது என்ன செய்யும் என்று எழுதினேன். நடந்துகொண்டே எழுதியதுதான் கைகொடுத்தது. துணி அலமாரியின் முன் நின்றபோதுதான், கதவு திறந்திருந்தாலும் உள்ளே போகாமல், மூடியிருந்தால் மட்டும் திறக்கச் சொல்லிக் கத்தும் அதன் வழக்கம் நினைவுக்கு வந்தது. நாற்காலியில் உட்கார்ந்து யோசித்திருந்தால் அது ஒருநாளும் வந்திருக்காது.

இன்னொரு யோசனையும் உண்டு. நீங்கள் மூவரும் தனித்தனியாக எழுதுங்கள், முடிக்கும் வரை ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்க வேண்டாம். முரண்பாடுகள் வரும், அவற்றைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிடுங்கள். பூனை ஆளுக்கு ஒரு விதமாகத்தான் நடந்துகொள்ளும் என்பதால் இரண்டுமே உண்மையாக இருக்க வாய்ப்பு இருக்கிறது. பொருள்களை எடுத்து வைக்கச் சொல்லும் உங்கள் கணவர் எழுதும் பட்டியல் மற்ற இருவருடையதையும்விட நீளமாக இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.

வால்நட்சத்திரம்

பொருள்களைப் பொறுத்தவரை, தூக்கி எறிவதற்கும் அப்படியே விடுவதற்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டு மூடி வையுங்கள், எந்த முடிவும் எடுக்காதீர்கள். மகளுக்குப் பெட்டியைத் திறக்கும் உரிமையைக் கொடுங்கள். போர்வையை மட்டும் துவைக்க வேண்டாம். துவைத்துவிட்டால் வாசனை போய்விடும், அதை எந்த விலைக்கும் திரும்பப் பெற முடியாது. சீப்பில் சிக்கியிருக்கும் முடியையும், எங்காவது உதிர்ந்து கிடக்கும் மீசை முடியையும் சிறு கண்ணாடிக் குப்பியில் சேர்த்து வையுங்கள்.

வெண்மேலங்கி (ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்)

முதலில் கரியனைக் கவனியுங்கள், மற்றவை காத்திருக்கும். பூனை இரண்டு மூன்று நாள் சரியாகச் சாப்பிடாமல் இருந்தால், உடலில் உள்ள கொழுப்பு கல்லீரலில் போய்த் தேங்கி உயிருக்கே ஆபத்தாக முடியும். பருமனான பூனைகளுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். துக்கத்தில் இருக்கிறான், தானாகச் சரியாகிவிடுவான் என்று காத்திருக்க வேண்டாம். துக்கமா, வேறு நோயா என்பதைப் பரிசோதித்துத்தான் சொல்ல முடியும்.

பூனைகள் உடன் வாழ்ந்த விலங்கின் இழப்பை உணர்கின்றனவா என்பதை வளர்ப்பவர்களிடம் கேட்டறிந்த ஓர் ஆய்வு 2024-இல் வெளிவந்தது. தூக்கம், உணவு, விளையாட்டு ஆகியவை குறைவதாக அதில் பலர் தெரிவித்திருந்தார்கள். ஆனால் வளர்ப்பவர் தம்முடைய துயரத்தையே பூனையின் மீது ஏற்றிப் பார்த்திருக்கவும் கூடும் என்று அந்த ஆய்வாளர்களே எச்சரித்திருக்கிறார்கள். எனவே கரியன் அழுகிறான் என்றும் நான் சொல்ல மாட்டேன், அழவில்லை என்றும் சொல்ல மாட்டேன். அவன் சாப்பிட வேண்டும், அவ்வளவுதான்.

இனி உங்கள் மகளின் கேள்வி. பூனை வேட்டையாடும் விலங்கு என்பது எல்லோருக்கும் தெரியும். இயற்கையில் தன்னைவிடப் பெரிய விலங்குகளுக்கு இரையாகவும் கூடிய விலங்கு என்பதை நாம் மறந்துவிடுகிறோம். தளர்ச்சியை வெளியே காட்டுவது அதற்கு ஆபத்து, ஆகவே கடைசி எல்லை வரை மறைக்கும். அதற்கு மேல், சிறுநீரகத்துக்கு இருப்புத் திறன் அதிகம். அதன் செயல்திறனில் ஏறத்தாழ முக்கால் பங்கு அழிந்த பிறகே இரத்தத்தில் கிரியேட்டினின் என்னும் கழிவுப்பொருளின் அளவு தெளிவாக உயரும். எஸ்டிஎம்ஏ என்னும் இரத்தப் பரிசோதனை அதற்கு முன்பே காட்டிக்கொடுக்கக்கூடியது, ஆனால் முன்பே தெரிந்திருந்தாலும் நோயின் வேகத்தைக் குறைத்திருக்கலாமே தவிர, அழிந்த பகுதியை மீட்டிருக்க முடியாது. முதிய பூனைகளிடம் மிகப் பரவலாகக் காணப்படும் நோய் இது. யாருடைய கவனக்குறைவாலும் வருவதில்லை என்று மகளிடம் சொல்லுங்கள். பொய் சொல்லித் தேற்றுவதாக ஆகாது, அதுதான் உண்மை.

அவள் அருகில் இருந்து பார்த்திருந்தால் இன்னொன்றையும் விளக்கிவிடுங்கள். ஊசி போட்ட பிறகும் பூனையின் கண்கள் திறந்தே இருக்கும், சில நேரம் ஆழமாக ஒரு மூச்சு இழுக்கும், தசை துடிக்கும். உணர்வு முழுவதும் போன பிறகு நிகழ்பவை இவை. விளக்கம் கேட்காத பிள்ளைகள் அந்தக் காட்சியை வலி என்று புரிந்துகொண்டு மனத்துக்குள் சுமந்து திரிவதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

நேர்கோடு

நான் சொல்வது சிலருக்குக் கசக்கலாம். ஒரு பூனைக்காக ஆளுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் எழுதுவது கொஞ்சம் மிகையாகத் தெரிகிறது. அதே மாதிரி மூன்று நிறமுள்ள குட்டி ஒன்றை எடுத்து வந்து மகளின் கையில் கொடுங்கள். ஒரு மாதத்தில் வீடு பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

கருப்புவெள்ளை

அதே மாதிரிக் குட்டி கிடைக்காது, ஐயா. இதை உணர்ச்சிவசப்பட்டுச் சொல்லவில்லை, மரபியல் அப்படி.

பொட்டுவைப் போன்ற மூன்று நிறப் பூனைகள் ஏறக்குறைய எல்லாமே பெண்கள்தான். முடியைச் செம்மஞ்சளாக்கும் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. பெண் பூனைக்கு எக்ஸ் இரண்டு உண்டு. கரு வளரும்போது ஒவ்வொரு செல்லிலும் இரண்டில் ஒன்று அணைந்துவிடும், எது அணையும் என்பதற்கு விதி எதுவும் கிடையாது. அப்படி அணைந்ததைப் பொறுத்தே ஒரு திட்டு கருப்பாகவும் மற்றொரு திட்டு செம்மஞ்சளாகவும் அமைகிறது. எனவே அந்தத் திட்டுகளின் அமைப்பு ஒரு பூனைக்கு வாய்த்தது இன்னொன்றுக்கு வாய்க்காது.

இதைக் கண்கூடாகக் காட்டிய பூனையும் உண்டு. உலகின் முதல் படியாக்கப் (குளோனிங்) பூனை அமெரிக்காவின் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் 2001 டிசம்பரில் பிறந்தது. சிசி என்று பெயரிட்டார்கள். அதற்கு மரபணுவைத் தந்த ரெயின்போ என்ற பூனை மூன்று நிறம் கொண்டது. சிசியோ வெள்ளை உடலில் பழுப்புக் கோடுகளுடன் பிறந்தது, அதன் உடலில் செம்மஞ்சள் திட்டு ஒன்றுகூட இல்லை. செல்லில் இருந்த மரபணுத் தொகுப்பு ஒன்றேதான், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உறவு என்றே தோன்றாது. சிசி தன் போக்கில் குட்டி போட்டு, 2020 வரை பதினெட்டு ஆண்டுகள் நன்றாக வாழ்ந்தது. ஆய்வகத்தில் படியெடுத்தே திரும்பப் பெற முடியாத ஒன்றை, நிறம் பார்த்து வாங்கிப் பெற்றுவிட முடியுமா? புதிய குட்டி வரலாம், வரட்டும், ஆனால் அது பொட்டுவின் இடத்தை நிரப்புவதற்காக வந்தால் நாள்தோறும் ஒப்பிடப்பட்டுத் தோற்றுக்கொண்டே இருக்கும். அந்தக் குட்டிக்கு அது நியாயமில்லை.

தொல்பொருள்_ஆர்வலன்

நேர்கோடு அவர்கள் மிகை என்று சொன்னதற்கு மட்டும் என் பதில். சைப்ரஸ் தீவில் ஏறத்தாழ 9,500 ஆண்டுகளுக்கு முந்தைய புதைகுழி ஒன்றை அகழ்ந்து, 2004-இல் அறிக்கை வெளியிட்டார்கள். மனித எலும்புக்கூட்டிலிருந்து அரை மீட்டருக்கும் குறைவான தொலைவில், எட்டு மாத வயதுள்ள ஒரு பூனை முழு உடலாகப் புதைக்கப்பட்டிருந்தது. அந்தத் தீவில் இயற்கையாகப் பூனைகள் இருந்ததில்லை, படகில் ஏற்றித்தான் கொண்டுவந்திருக்க வேண்டும். எகிப்தில் மூன்றாம் அமென்ஹோதெப் மன்னரின் மகன் துட்மோஸ், தான் வளர்த்த பூனைக்குச் சுண்ணாம்புக் கல்லில் சவப்பெட்டி செய்வித்தான். படையல் நிறைந்த மேசையின் முன்னால் அந்தப் பூனை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும் உருவம் அதில் செதுக்கப்பட்டிருக்கிறது, கூடவே அதன் பெயரும் இருக்கிறது. வீட்டுப் பூனை இறந்தால் எகிப்தியர் புருவத்தை மழித்துக்கொள்வார்கள் என்று கிரேக்க வரலாற்றாளர் ஹெரோடோட்டஸ் எழுதினார்.

ஆனால் எனக்கு இவற்றையெல்லாம்விடப் பிடித்தது லண்டனில் உள்ள ஹாட்ஜின் சிலை. ஆங்கில அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனின் பூனை அது. அதற்குச் சிப்பி வாங்க அவரே கடைக்குப் போவாராம். பணியாளரை அனுப்பினால் அவர் எரிச்சல்பட்டு அந்தப் பூனையை வெறுக்கத் தொடங்கிவிடுவார் என்ற கவலை. 1997-இல் அவருடைய வீட்டின் எதிரே வைத்த சிலையில் ஹாட்ஜ் ஓர் அகராதியின் மீது உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் சிப்பி ஓடுகள் கிடக்கின்றன. அரசகுமாரனின் பூனைக்குக் கல்பெட்டி மிஞ்சியது. ஹாட்ஜுக்கோ அது என்ன தின்றது, யார் வாங்கி வந்தார் என்பது மிஞ்சியது. ஏட்டுச்சுவடி சொன்னதும் ஏறக்குறைய இதுதான்.

நேர்கோடு

என் சொற்கள் கடுமையாக ஒலித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் கேட்கிறேன்: நினைவைப் பேணப் பேணத் துயரமும் நீளாதா?

ஏட்டுச்சுவடி

நீளலாம், ஆனால் நீளும் துயரங்களில் பெரும்பாலானவை பேச இடம் கிடைக்காத துயரங்கள்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உறவினர் இறந்தால் விடுப்பு உண்டு, விசாரிக்க ஆள் வரும். பூனை இறந்தால் மறுநாளே வேலைக்குப் போக வேண்டும், முகம் வாடியிருப்பதற்குக் காரணம் சொன்னால் சிரிப்பார்களோ என்று யோசிக்க வேண்டும். சமூகம் ஒப்புக்கொள்ளாத இத்தகைய துக்கத்தைக் கென்னத் டோக்கா என்ற அமெரிக்க அறிஞர் 1989-இல் தனிவகையாகவே வரையறுத்தார். நோட்டுப் புத்தகம் யாரையும் பார்த்துச் சிரிக்காது.

மழைத்தூறல்

அனைவருக்கும் நன்றி. மருத்துவர் ஐயா சொன்ன அன்றே கரியனைக் காட்டினோம். கல்லீரல் நன்றாக இருக்கிறது, பல்லில் சீழ் பிடித்திருந்தது. மருந்து தொடங்கிய பிறகு சாப்பிடுகிறான். துக்கம் என்று நாங்கள் நினைத்ததில் பாதி பல்வலி.

பொருள்கள் பெட்டிக்குள் போய்விட்டன. பெட்டிக்குச் சாவி கிடையாது என்பது மகள் விதித்த நிபந்தனை. அவளுடைய கேள்விக்கு மருத்துவர் ஐயா எழுதியதை அப்படியே படித்துக் காட்டினேன். கண்ணைப் பற்றிய பகுதி வந்ததும் இன்னொரு முறை படிக்கச் சொன்னாள்.

இன்னும் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பொட்டுவைத் தோட்டத்தில் புதைத்திருக்கிறோம், அங்கே லில்லி நட வேண்டும் என்று மகள் விரும்புகிறாள். அடுத்தது கொஞ்சம் கூச்சத்துடன் கேட்பது: இரவில் அவளுடைய கழுத்து மணி ஒலிப்பது போல எனக்கும் கணவருக்கும் கேட்கிறது. கரியன் மணி அணிவதில்லை.

வெண்மேலங்கி

லில்லி வேண்டவே வேண்டாம். இலை, பூ, மகரந்தம் என அதன் எந்தப் பகுதி வயிற்றுக்குள் போனாலும் பூனையின் சிறுநீரகம் செயலிழக்கும். உடலில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும். கரியன் உலவும் தோட்டத்தில் அது இருக்கக் கூடாது. ரோஜா நடுங்கள், முள்ளைத் தவிர அதில் ஆபத்து எதுவும் இல்லை. குழி போதிய ஆழமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஊசியில் பயன்படுத்தும் பென்டோபார்பிட்டால் உடலிலேயே நெடுநாள் தங்கும், தோண்டித் தின்னும் விலங்குகளுக்கு அது நஞ்சு. ஐயம் இருந்தால் மேலே இன்னும் மண் போட்டுக் கனமான கல் வையுங்கள்.

கருப்புவெள்ளை

மணி ஓசையைப் பற்றிக் கூச்சப்பட வேண்டாம். பல ஆண்டுகள் ஒரே நேரத்தில் ஒரே ஓசையைக் கேட்டுப் பழகிய மூளை, அந்த நேரம் வந்ததும் அதை எதிர்பார்க்கிறது. எங்கோ கரண்டி உரசினாலும் மணியாக்கிவிடுகிறது. மனிதரை இழந்தவர்களுக்கும் இது சாதாரணமாக நேர்வதுதான்.

ஓசை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பொட்டு உறுமிக் குழைந்த ஒலி ஏதேனும் பதிவில் இருந்தால் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் போட்டுக் கேட்டு ஏமாறாதீர்கள். பூனையின் அந்தக் குழைவு பெரும்பாலும் 25 ஹெர்ட்ஸ் முதல் 150 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த அதிர்வுகளால் ஆனது, சின்ன ஒலிபெருக்கிகளால் அதை எழுப்ப முடியாது. காதை மூடும் நல்ல ஹெட்போனில் கேளுங்கள். மூலக் கோப்பை அப்படியே வைத்திருங்கள். செயலிகளின் வழியாக அனுப்பினால் கோப்பு சுருங்கிவிடும், படம் எடுத்த தேதியும் பல நேரம் அழிந்துபோகும்.

மழைத்தூறல்

ஹெட்போனில் கேட்டோம். அவள் கழுத்தில் காதை வைத்தது போலவே இருந்தது.

பட்டியல்களை நேற்றுப் பரிமாறிக்கொண்டோம். ஏட்டுச்சுவடி கணித்தது சரியே, கணவருடையதுதான் நீளம். அதிகாலையில் நாங்கள் தூங்கும்போது இருவருக்கும் ஒரு தனி வாழ்க்கையே நடந்திருக்கிறது. அவர் செருப்பு அணியும் வரை கதவருகே காத்திருந்து, அணிந்ததும் வலது செருப்பின் மீது உட்கார்ந்துகொள்வாளாம். நான் அதை ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. அறைக்குள் அவள் எப்படி நுழைவாள் என்று நான் தேடிய விடை மகளின் பட்டியலில் இருந்தது: “நிலைப்படியில் நின்று, யார் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து, பிறகு சுவரை உரசிக்கொண்டே வருவாள், நடுவில் வரமாட்டாள்.” படித்த உடனே கண் முன்னால் வந்துவிட்டாள். மடியில் ஏறுவதற்கு முன் முழங்காலைத் தட்டிப் பார்ப்பது, அழைத்தால் வராமல் வாலின் நுனியை மட்டும் அசைப்பது, குளியலறைக் கதவின் அடியில் கையை நீட்டித் துழாவுவது ஆகியவை மூன்று பட்டியல்களிலும் இருக்கின்றன.

கருப்புவெள்ளை

கதவின் அடியில் நீட்டியது எந்தக் கை? பெண் பூனைகள் வலது கையையும் ஆண் பூனைகள் இடது கையையும் அதிகம் பயன்படுத்தும் போக்கு உண்டு என்று ஆய்வுகள் சொல்கின்றன. பட்டியலில் அதையும் குறித்து வையுங்கள்.

மழைத்தூறல்

வலது என்கிறேன் நான், இடது என்கிறாள் மகள், கதவின் உள்ளே இருந்தவருக்குத் தெரியாதா என்று கேட்கிறார் கணவர். இன்று மாலை பழைய காணொளிகளைத் தேடுகிறோம்.

மழைத்தூறல்

இரண்டு காணொளிகள் கிடைத்தன, இரண்டிலும் இடது கைதான். ஆய்வு சொன்னதற்கு மாறாகத்தான் பொட்டு நடந்திருக்கிறாள். மகள் அதைக் கொட்டை எழுத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுவிட்டாள்.